மாரடைப்பும் மருந்துப் பையும்

திருகோணமலைத் துறைமுகத்தின் பெருமையைப் பேசுவோர் அதன் ஆழத்தையே முதலிற் குறிப்பிடுவர். பெருங்கப்பல்களும் கரைக்கு மிக அண்மையில் வந்து தங்கத்தக்க இயற்கைத் துறைமுகம் அது. ஆனால், கப்பல்களுக்கு வசதியளித்த அந்த நீர்ப்பரப்பு கரையோரத்து மக்களுக்கு நெடுங்காலம் தடையாகவே இருந்தது. மூதூரிலிருந்து நகரத்துக்கு வருவோர் கொட்டியாரக் குடாவை லாஞ்சிற் கடந்தனர். கிண்ணியாவிலிருந்து வருவோர் "பாதை" என்று வழங்கிய மிதவைக்காகத் துறையிற் காத்து நின்றனர். நள்ளிரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த ஒரு மனிதனை அக்கரை சேர்ப்பதற்கு அவனுடைய உறவினர் பட்ட பாட்டை அவ்வூர்களின் முதியோர் அறிவர்.

2009ஆம் ஆண்டு கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபின் அந்நிலை மாறியது. 1990 என்னும் எண்ணை அழைத்தால் கட்டணமின்றி வரும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவையும், 2016ஆம் ஆண்டில் மேல், தென் மாகாணங்களிலே தொடங்கிப் பின்னர் கிழக்கு மாகாணத்தையும் எட்டியது. வைத்தியசாலைக்குரிய வழி சுருங்கிவிட்டது. ஆயினும், மாரடைப்பு நோயாளிக்கு வைத்தியசாலையை அடைவது பயணத்தின் முடிவன்று. பாதி வழியே ஆகும். வலி தணிந்ததும், "ஆபத்து நீங்கிற்று" என்று உறவினர் ஆறுதல் அடைகின்றனர். உண்மையில், இரண்டாவது ஆபத்து அப்பொழுதுதான் தொடங்கக்கூடும்.

மாரடைப்பு என்பது யாது? இதயத் தசைக்கு இரத்தங் கொண்டுசெல்லும் முடியுரு நாடிகளுள் ஒன்றிலே குருதிக்கட்டி உருவாகி வழியை அடைத்துவிடுகிறது. அந்நாடியை நம்பியிருந்த தசை சிறிது சிறிதாக மடியத் தொடங்குகிறது. அடைப்பை எவ்வளவு விரைவில் நீக்குகிறோமோ அவ்வளவு தசை பிழைக்கும். நாடிக்குள் நுண்குழாயைச் செலுத்தி அடைப்பை விலக்குவது சிறந்த முறை. அதற்குரிய வசதி உரிய நேரத்திற் கிட்டாத இடங்களில், கட்டியைக் கரைக்கும் மருந்தை ஊசிவழி ஏற்றுவர். ஸ்ட்ரெப்டோகைனேஸ், டெனெக்டிப்ளேஸ் என்பன அத்தகைய மருந்துகள். முதற் சில மணி நேரத்திலேயே அவற்றின் பயன் பெரிது. 12 மணி நேரம் கடந்தபின் பெரும்பாலும் பயனில்லை.

பழைய, விலை குறைந்த மருந்துகளே இங்குப் பேருதவி புரிந்துள்ளன என்பது குறிப்பிடத்தக்கது. 1988ஆம் ஆண்டில் வெளியான ஐசிஸ் 2 என்னும் ஆய்வு, 17,187 நோயாளர்களைக் கொண்டு நடத்தப்பட்டது. ஸ்ட்ரெப்டோகைனேஸ், ஆஸ்பிரின் ஆகிய இரண்டும் பெறாதவருள் 100 பேருக்கு ஏறத்தாழ 13 பேர் ஐந்து வாரத்துக்குள் இதய, இரத்தக்குழாய் நோய்களால் மாண்டனர். இரண்டையும் பெற்றோருள் மாண்டவர் 8 பேர். ஆஸ்பிரினோ நூறாண்டுப் பழக்கமுள்ள குளிசை. அதனைப் புகழ்ந்துரைக்கப் பையுடன் வைத்தியரிடம் வருவார் எவருமிலர்.

கட்டி கரைந்தபின்னும் நோயாளியைக் கண்காணிக்க வேண்டியதேன்? மாரடைப்பின் சிக்கல்கள் யாவும் ஒரே வேளையில் வருவதில்லை; ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய காலம் உண்டு. முதற் சில மணி நேரத்தில் அஞ்சத்தக்கது இதயத்தின் தாளம் பிறழ்தல். கீழறைகள் முறைப்படி சுருங்காது வெறுமனே துடிதுடித்து நடுங்குமாயின், இரத்தவோட்டம் உடனே நின்றுவிடும். அப்போது மின்னதிர்ச்சிக் கருவியொன்றே உயிரை மீட்கும். நோயாளரை ஒரே கூடத்தில் வைத்து இதயத் தாளத்தை இடையறாது கவனித்தால் இத்தகைய மரணங்கள் பலவற்றைத் தடுக்கலாம் என்று டெஸ்மண்ட் ஜூலியன் என்னும் பிரித்தானிய வைத்தியர் 1961ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். இன்று உலகெங்கும் காணப்படும் இதயநோய்த் தீவிர கண்காணிப்புப் பிரிவுகள் அவ்வெண்ணத்தின் விளைவுகளே.

முதல் நாளிலும் அடுத்த நாள்களிலும் இதயம் தளர்ந்து போகலாம். நோயாளி மூச்சுத் திணறுகிறார்; படுக்க இயலாமல் எழுந்து உட்காருகிறார்; நுரையீரலின் அடிப்பகுதியில் நீர் தேங்கியதைக் காட்டும் நொறுநொறுப்பான ஒலி வைத்தியரின் காதுக்குக் கேட்கிறது. மூன்றாம் நாளை ஒட்டி மற்றொரு வகை ஆபத்து நேரலாம். மடிந்த தசை நொய்ந்து கிழிதல் அது. இரு கீழறைகளுக்கும் இடைப்பட்ட சுவர் துளைபட்டால், முன்னர் இல்லாத கரகரப்பான முரல்வொலி நெஞ்சின் இடப்பக்கத்தே எழும். வால்வின் நாண்களைப் பிடித்திருக்கும் சிறுதசை அறுந்தால், நுரையீரல் திடீரென நீரால் நிரம்பும்; ஆனால் முரல்வொலி மெலிதாகவே இருக்கலாம், கேளாமலும் போகலாம். வெளிச்சுவர் கிழிந்தால், இதயத்தைச் சூழ்ந்த உறைக்குள் இரத்தம் நிறைந்து இதயத்தை நெருக்கிவிடும். இவ்வுடைப்புகள் இக்காலத்தில் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே நேர்கின்றன. நேர்ந்தாலோ, அறுவைச் சிகிச்சையே பெரும்பாலும் கதி. அதற்கான நிலையங்கள் கொழும்பு, கண்டி போன்ற நகரங்களில் உள்ளன. திருகோணமலையிலிருந்து கொழும்பு ஏறக்குறைய 260 கிலோமீற்றர். ஆகவே, நோயை இன்று மாலை அறிவதற்கும் நாளைக் காலை அறிவதற்கும் உள்ள வேறுபாடு, அங்கே உயிருக்கும் மரணத்துக்கும் உள்ள வேறுபாடாக ஆகிவிடக்கூடும்.

இன்னுஞ் சில சிக்கல்கள் தாமதித்து வருவன. சுருங்காத தசைப்பகுதியிலே குருதிக்கட்டி படிந்து, அது மூளைக்குச் சென்று பக்கவாதத்தை உண்டாக்கலாம். சில வாரங்கள் கழிந்தபின் காய்ச்சலும், மூச்சை உள்ளிழுக்கும்போது குத்தும் நெஞ்சுவலியும் தோன்றலாம். இதயத்தைச் சூழ்ந்த உறை அழற்சியுறும் இந்நிலையை வில்லியம் டிரெஸ்லர் 1956ஆம் ஆண்டில் விரித்துரைத்தார். இது மற்றொரு மாரடைப்பன்று. ஆனால் அதனை இரண்டாவது மாரடைப்பெனக் கருதி, குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்தை ஏற்றினால், உறைக்குள் இரத்தங் கசிந்து நன்மைக்குப் பதில் தீமை விளையலாம்.

ஒரே அறிகுறிக்கு எதிரெதிரான சிகிச்சைகள் வேண்டப்படுவதுமுண்டு. மாரடைப்பு நோயாளி ஒருவரின் இரத்த அழுத்தம் வீழ்ந்துவிட்டது என்று கொள்க. இதயத்தின் வலப்பக்கம் தாக்குண்டிருப்பின், கழுத்து நாளங்கள் புடைத்திருக்கும். நுரையீரலோ தெளிவாக இருக்கும். அவருக்கு நாளத்தின் வழியே அளவறிந்து திரவம் ஏற்றுவது உதவலாம். நாவின் கீழ் வைக்கும் நைத்திரேற்றுக் குளிசையோ அவரை வீழ்த்திவிடும். இடப்பக்கம் தளர்ந்து நுரையீரலில் நீர் தேங்கியவருக்கு அதே திரவம் நஞ்சுக்கு ஒப்பாகும். அழுத்தமானியில் இருவருடைய எண்ணும் ஒன்றே. கழுத்தைப் பார்த்து, முதுகிலே காதை வைத்துக் கேட்டு, ஈ.சி.ஜி. வரைபடத்தையும் எக்கோப் படத்தையும் ஒப்பிட்டு நோக்கிய வைத்தியரே இருவரையும் பிரித்தறிவார். மருந்து எது என்னும் கேள்வி, நோய் எது என்னும் கேள்விக்குப் பின்னரே எழவேண்டும்.

இந்த ஒழுங்கு தலைகீழாவதற்கும் ஒரு வழி உண்டு. அவ்வழியே மருந்து விற்பனை புகுகிறது.

வைத்தியர் சீட்டு எழுதித் தந்தால் மட்டுமே வாங்கத்தக்க மருந்துகளைப் பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதனாற் பயனில்லை. உண்பவர் ஒருவர், விலை கொடுப்பவர் ஒருவர், தெரிந்தெடுப்பவர் மற்றொருவர். ஆகையால் கம்பனிகளின் முயற்சி முழுதும் தெரிந்தெடுப்பவராகிய வைத்தியரை நோக்கியே செல்கிறது. அரசாங்க வைத்தியசாலையிற் கடமை முடித்து, மாலையில் தனியார் நிலையத்தில் நோயாளரைப் பார்க்கும் வைத்தியரின் வாயிலிலே, நோயாளரோடு நோயாளராக ஒருவர் காத்திருப்பார். தூய உடையும் இனிய பேச்சும் உடையவர். கையில் ஒரு பை. அதனுள் வழவழப்பான தாளில் அச்சிட்ட படங்கள், இலவச மாதிரிக் குளிசைகள், மருந்தின் பெயர் பொறித்த பேனாக்கள், நாட்காட்டிகள். சில வேளைகளில் இரவு விருந்துக்கோ வெளியூர் மாநாட்டுக்கோ அழைப்பும் இருக்கும். இப்பிரதிநிதி தீயவர் அல்லர். தம் தொழிலைச் செய்பவர். அவர் சொல்வதும் பெரும்பாலும் பொய்யன்று. ஆனால் அவர் விடையோடு வருகிறார். நோயாளியோ கேள்வியோடு வருகிறார். பகல் முழுதும் உழைத்துக் களைத்த வைத்தியருக்குக் கேள்வியைவிட விடையே இனிமை தரும்.

எண்களைக் கூறும் முறையிலும் இச்சாதுரியம் விளங்கும். ஒரு மருந்து, நூற்றில் இருவருக்கு நேரும் தீங்கை நூற்றில் ஒருவருக்குக் குறைக்கிறது என்று கொள்க. "ஆபத்து பாதியாகக் குறைந்தது" என்று சொல்லலாம். "நூறு பேர் உண்டால் ஒருவர் பயனடைவார்" என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மையே. முன்னது பையிலுள்ள தாளிற் பெரிய எழுத்திற் காணப்படும். பின்னது வைத்தியர் தாமே கணக்கிட்டு அறியவேண்டியது.

நன்மை தரும் என்று எல்லோரும் நம்பியதே தீமையாக முடிந்த வரலாறும் உண்டு. மாரடைப்புக்கு ஆளானோர் பலருக்கு இடையிடையே மிகைத்துடிப்புகள் தோன்றும். அத்தகையோருக்குத் திடீர் மரணம் கூடுதலாக நேர்வதையும் வைத்தியர்கள் கண்டிருந்தனர். ஆகவே, மிகைத்துடிப்பை அடக்கினால் மரணத்தைத் தடுக்கலாம் என்னும் முடிவு இயல்பாகவே தோன்றியது. என்கெயினைட், ஃபிளெகெயினைட் என்னும் புதிய மருந்துகள் அவ்வேலையைத் திறம்படச் செய்தன. ஈ.சி.ஜி. தாளில் கோடுகள் ஒழுங்காயின. பார்த்தோர் மனநிறைவு கொண்டனர்.

1987ஆம் ஆண்டில், அமெரிக்க அரசாங்கத்தின் தேசிய இதய, நுரையீரல், குருதி நிறுவகத்தின் ஆதரவுடன் காஸ்ட் என்னும் ஆய்வு தொடங்கியது. மருந்தினால் மிகைத்துடிப்பு அடங்குகிறது என்று முதலில் உறுதிசெய்யப்பட்ட நோயாளரே அதிற் சேர்க்கப்பட்டனர். ஒரு சாராருக்கு மருந்தும், மற்றொரு சாராருக்கு மருந்தற்ற குளிசையும் கொடுக்கப்பட்டன. 1989ஆம் ஆண்டில் இவ்விரு மருந்துகளையும் பற்றிய ஆய்வு இடைநடுவே நிறுத்தப்பட்டது. மருந்து பெற்ற 755 பேரில் 63 பேரும், மருந்தற்ற குளிசை பெற்ற 743 பேரில் 26 பேரும் மாண்டிருந்தனர். கோடுகள் திருந்தின, மனிதர் இறந்தனர். தாளிற் காணும் மாற்றமும் உயிர் பிழைத்தலும் ஒன்றல்ல என்பதை மருத்துவ உலகம் பெருவிலை கொடுத்துக் கற்றுக்கொண்டது.

மற்றொரு பாடம் 2004ஆம் ஆண்டில் கிடைத்தது. வயிற்றுக்குத் தீங்கு குறைந்த வலிநிவாரணி என்று 1999ஆம் ஆண்டிலிருந்து பெருமுயற்சியுடன் விற்கப்பட்ட ரோஃபிகொக்சிப், மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கூட்டுகிறது என்று தெரியவந்ததும், உலகச் சந்தையிலிருந்து மீட்கப்பட்டது. வயிற்றைப் பற்றிச் சொல்லப்பட்டது உண்மையே. இதயத்தைப் பற்றிச் சொல்லப்படாததே உயிர்களைக் கவர்ந்தது.

இவற்றிற்கெல்லாம் மாற்று வழி எது? அதனை உலகுக்குக் காட்ட முயன்றோருள் ஓர் இலங்கையர் முதன்மையாகக் குறிப்பிடத்தக்கவர். அவர் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலே. 1920ஆம் ஆண்டிற் பிறந்த அவர், வைத்தியருக்கு மருந்தறிவு விற்பவரிடமிருந்து வரலாகாது என்று வற்புறுத்தினார். 1971ஆம் ஆண்டில் டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் அவரும் இந்நாட்டின் மருந்து நிருவாகம் குறித்து அறிக்கையொன்றை அளித்தனர். அவ்வாண்டிலேயே அரச மருந்துக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. பிபிலே அதன் முதலாவது தலைவரானார். அந்நாளில் நாட்டில் வழங்கிய ஏறத்தாழ 2,100 மருந்துகள் ஆராயப்பட்டு, 600 அளவிற்குக் குறைக்கப்பட்டன. வணிகப் பெயர்களுக்குப் பதிலாகப் பொதுப்பெயர்கள் முன்வைக்கப்பட்டன. உலகெங்கிலுமிருந்து கேள்விப்பத்திரம் கோரி, மலிவாகத் தருவோரிடம் மொத்தமாகக் கொள்வனவு செய்யப்பட்டது. விற்பனையோடு தொடர்பற்ற மருந்துக் குறிப்புகளும் வைத்தியர்களுக்கு அளிக்கப்பட்டன.

இம்முயற்சிக்குப் பன்னாட்டுக் கம்பனிகள் மட்டுமன்றி, உள்நாட்டு வைத்தியர் சிலரும் எதிர்ப்புக் காட்டினர். பின்னர் ஐக்கிய நாடுகளின் பணியில் ஈடுபட்டு, மற்ற நாடுகளுக்கு இவ்வழியை எடுத்துரைத்த பிபிலே, 1977ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் கயானாவிற் காலமானார். அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனம், ஏறத்தாழ 200 மருந்துகளைக் கொண்ட முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. மருந்து விளம்பரத்துக்குரிய ஒழுக்க நெறிகளை அந்நிறுவனம் 1988ஆம் ஆண்டில் வகுத்தது. இலங்கையில் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தினால் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை அமைக்கப்பட்டது.

"மலிவான மருந்து தரமானதாக இருக்குமா?" என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பெயர் பொதுவாக இருப்பதனாலோ விலை குறைவாக இருப்பதனாலோ ஒரு மருந்து தரம் தாழ்ந்துவிடாது. பெயர் புகழ்பெற்றதனால் மட்டும் உயர்ந்துவிடாது. தரத்தை உறுதிசெய்வது பரிசோதனையே. அப்பரிசோதனை தளருமிடத்து மக்கள் நம்பிக்கை குலையும். குலைந்த நம்பிக்கையைப் பிரதிநிதியின் பை பயன்படுத்திக் கொள்ளும். ஆகவே, பொதுப்பெயர் மருந்தை ஆதரிப்போரே தரப் பரிசோதனையையும் உரத்த குரலிற் கேட்கவேண்டியவர்கள். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மருந்துகளுக்குத் தட்டுப்பாடு நேர்ந்தபோது, எவை இன்றியமையாதவை என்னும் கேள்வி வெறும் ஏட்டுக் கேள்வி அன்று என்பதை ஒவ்வொரு குடும்பமும் உணர்ந்தது.

இவ்வளவும் அறிந்த நேயர், தம் வீட்டில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் என்ன செய்யலாம்? நெஞ்சின் நடுவே அழுத்தும் வலியோ, கைக்கும் தாடைக்கும் பரவும் வலியோ, காரணமற்ற வியர்வையும் மூச்சுத் திணறலுமோ தோன்றினால், வாய்வுக் கோளாறு என்று எண்ணிக் காத்திராது உடனே 1990ஐ அழைக்கவேண்டும். ஆஸ்பிரின் ஒவ்வாதவரும் இரத்தக் கசிவு நோயுள்ளவரும் அல்லாதோர்க்கு 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கக் கொடுப்பது நன்று. வைத்தியசாலையில் வலி தணிந்த பின்னரும், புதிய மூச்சுத்திணறல், மயக்கம், மீண்டும் வலி, கைகால் சோர்வு, பேச்சுக் குழறல் ஆகியவற்றுள் எது தோன்றினும், தாதியிடமோ வைத்தியரிடமோ அக்கணமே சொல்லவேண்டும். வீடு திரும்பிய முதற் சில வாரங்களிலும் இவ்விழிப்புத் தேவை.

வைத்தியசாலை தரும் நோய் நிர்ணய அட்டையை அடகுச் சீட்டைப்போலப் பத்திரமாக வைத்திருத்தல் வேண்டும். ஒருமுறை ஸ்ட்ரெப்டோகைனேஸ் பெற்றவரின் உடலில் அதற்கெதிரான பொருள்கள் தோன்றிவிடுவதால், மறுமுறை வேறு மருந்தே ஏற்றவேண்டியிருக்கும். அச்செய்தியை அடுத்த வைத்தியருக்குச் சொல்வது அந்த அட்டையே. மருந்துச் சீட்டைப் பெறும்போது, "இதன் பொதுப்பெயர் என்ன? இதே மருந்து விலை குறைவாகக் கிடைக்குமா?" என்று பணிவுடன் கேட்பதில் தவறில்லை. விலை மிகுதியால் குளிசையை ஒருநாள் விட்டு ஒருநாள் உண்பவர், அதனை வைத்தியரிடம் மறைக்கலாகாது. உண்ணாத உயர்ந்த மருந்தைவிட, நாள்தோறும் உண்ணும் எளிய மருந்தே இதயத்தைக் காக்கும்.

துறைமுகத்துள் வந்து சேர்ந்த கப்பலும், நங்கூரம் பிடிக்கும்வரை கண்காணிப்புக்கு உரியதே. மாரடைப்பு நோயாளியின் நிலையும் அத்தகையதுதான். அவருடைய நெஞ்சிலே மூன்றாம் நாள் மாலையில் புதிதாக எழும் மெல்லிய ஒலியைக் கேட்பதற்கு ஒரு செவி வேண்டும். அந்தச் செவி வாயிலிற் காத்திருக்கும் பைக்கு உரியதன்று. படுக்கையிற் கிடக்கும் மனிதனுக்கே உரியது.